வாவி நடுவே மங்கிய வெள்ளி

ஒரு நட்சத்திரம் எத்தனை மணிக்கு மங்கும் என்பதில் எனக்கும் இலங்கையின் களுவாஞ்சிக்குடியில் தையல்கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கும் கருத்து வேறுபாடு. அதைத் தீர்த்துக்கொள்ளக் கடல் தாண்டிப் போகிறேன் என்று சொன்னபோது கோவில்பட்டியில் யாரும் நம்பவில்லை. என் மனைவி மட்டும் நம்பினாள். "தப்பு உங்க மேலன்னு தெரிஞ்சா அங்கேயே ஒத்துக்கிட்டு வாங்க" என்று சொல்லி, இரண்டு கிலோ கடலைமிட்டாயைப் பெட்டிக்குள் வைத்தாள்.

நான் பாலிடெக்னிக்கில் இயற்பியல் நடத்துகிறவன். சிறு மாத இதழ் ஒன்றில் வானியல் பற்றி எழுதுகிறேன். திடீரென்று தோன்றி மறையும் நட்சத்திரங்களையும் ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களையும் மனிதர்கள் காலம்தோறும் எப்படி விளக்கினார்கள் என்று சென்ற ஆண்டு ஒரு தொடர் எழுதினேன். அதில் அல்கோல் பற்றிய கட்டுரையோடு ஓர் அட்டவணையும் போட்டேன். கார்த்திகைக் கூட்டத்துக்கு வடக்கே இருக்கும் அந்த நட்சத்திரம் இரண்டு நாள் இருபது மணி நாற்பத்தொன்பது நிமிடத்துக்கு ஒருமுறை மங்கி, சில மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடும். எந்த இரவில் எத்தனை மணிக்கு மங்கும் என்பதுதான் அட்டவணை.

நவம்பரில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. "வணக்கம் சேர். மாலை ஏழு மணி என்று நீங்கள் போட்ட நாளில் ஏழு மணிக்கு அது மங்கவில்லை. நடுச்சாமம் தாண்டித்தான் மங்கியது. வனஜா, களுவாஞ்சிக்குடி." நான் பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடி பதில் போட்டேன். "நீங்கள் பார்த்தது வேறு நட்சத்திரமாக இருக்கும். அல்லது மேகம் மறைத்திருக்கும். அட்டவணையைச் சரிபாருங்கள்." அதன் பிறகு அந்த எண்ணிலிருந்து எதுவும் வரவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

பொங்கல் கழிந்து டொறின் என்பவர் எழுதினார். காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் ஆசிரியை. காது கேளாத பெரியவர்கள் சனிக்கிழமைகளில் களுவாஞ்சிக்குடியில் கூடுவார்கள், அதை நடத்துவதும் அவர்தான். "உங்கள் அல்கோல் கட்டுரையை எங்கள் ஆட்கள் எல்லாரும் வாசித்துவிட்டார்கள். வந்து ஒருநாள் பேச முடியுமா? வனஜாவும் எங்கள் கூட்டத்தில்தான்." அல்கோல் ஏன் மங்குகிறது என்று முதலில் சரியாகச் சொன்னவர் காது கேளாத ஓர் இளைஞர் என்று நான் எழுதியிருந்தேன். வனஜாவுக்கும் காது கேட்காது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை மட்டக்களப்பில் இறங்கினேன். டொறினுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வாய் பேசும்போது கைகளும் சேர்ந்து பேசும் பழக்கம். மீன்காரரிடம் இது கடல் மீனா ஆற்று மீனா என்று கேட்கும்போதுகூட இரண்டு கையும் சும்மா இருக்கவில்லை. கல்லடியில் அவருடைய உறவினர் வீட்டில் எனக்கு ஓர் அறை. காலைச் சாப்பாட்டுக்கு இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல், மீன் குழம்பு. எங்கள் ஊரில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும்தான். இங்கே சர்க்கரை கேட்டபோது அந்த வீட்டு அம்மா என்னை நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பதிலுக்கு நான் கொடுத்த கடலைமிட்டாயை ஒரு கடி கடித்து, "கச்சான்ல செஞ்சதா? பல்லுக்கு நல்ல வேலை" என்றார்.

மொழி ஒன்றுதான் என்ற தைரியத்தில் போனவன் அன்றே மூன்று முறை தடுக்கி விழுந்தேன். டீ என்று கேட்டால் பால் இல்லாத கறுப்புத் தேநீர் வந்தது. எங்கள் ஊரில் வெள்ளி என்றால் ஒன்றே ஒன்று, விடியலில் தெரிவது. இங்கே வானத்தில் இருப்பதெல்லாம் வெள்ளி. அடுத்தது டொறின் சொன்னது.

"ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் படுவான்கரைக்குப் போவம் சேர். பாதையில போகலாம்."

"நடந்தா? எவ்வளவு தூரம்?"

"பாதை நடக்காது சேர், மிதக்கும்" என்று சிரித்தார். கடலை ஒட்டி நீண்டு கிடக்கும் பெரிய உப்பேரிதான் வாவி. அதைக் கடக்க மோட்டார் சைக்கிள்களையும் ஆட்களையும் ஏற்றிப் போகும் மிதவைக்கு இங்கே பாதை என்று பெயர். வாவியின் கிழக்கே சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, மேற்கே படும் பக்கம் படுவான்கரை. வரைபடமே தேவைப்படாத பெயர்கள்.

மாலையில் ஒரு தோணிக்காரர், வாவிக்கு அடியில் மீன் பாடும் என்று சொல்லி, விடாப்பிடியாக என்னை அந்தப் பாடும் மீன் கேட்கக் கூட்டிப்போனார். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறு முனையைக் காதில் வைக்கச் சொன்னார். வைத்தேன். என் நாடித்துடிப்பு நன்றாகக் கேட்டது. "கேக்குதா?" என்றார். அவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. அன்று இரவு வானம் முழுக்க மேகம்.

வெள்ளிக்கிழமை களுவாஞ்சிக்குடிக்குப் போக ஓர் ஆட்டோ வந்தது. ஓட்டுநர் பெயர் தவராசா. நானும் டொறினும் பின்னால் உட்கார்ந்தோம். கல்லடி தாண்டியதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி கேட்டார்.

"நீங்கதானா சேர், என்ட தங்கச்சிக்கு மெசேஜ் போட்ட ஆள்?"

வனஜாவின் அண்ணன் அவர். ஆமாம் என்றேன்.

"நல்ல வேலை செஞ்சீங்க. சாமத்தில முற்றத்தில நிண்டு அண்ணாந்து பாத்துக்கிட்டு நிப்பா. அயல்ல ஒரு மாதிரிக் கதைக்கத் தொடங்கிட்டாங்க. உங்கட மெசேஜைத்தான் நான் வீட்டில எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினன். எழுதின சேரே பிழை எண்டு சொல்லிட்டார், இனி விடு எண்டன். மறுகா அவ அதப் பத்தி ஒருத்தரோடயும் கதைக்கிறல்ல."

பேருந்தில் நின்றபடி தட்டிய மூன்று வாக்கியங்கள் ஒரு வீட்டில் சத்தமாக வாசிக்கப்பட்டிருக்கின்றன. "அவங்க இப்பவும் பார்க்கிறாங்களா?" என்றேன். அதற்குப் பதில் சொல்ல தவராசா முழுதாகத் திரும்பினார். அந்த நேரம் பார்த்து ஒரு கன்றுக்குட்டி சாலைக்கு வந்தது. ஆட்டோ ஓரத்து மணலில் இறங்கி, மிக நிதானமாக, யாரோ படுக்க வைத்ததுபோல் இடது பக்கம் சாய்ந்தது. எனக்கு ஒரு கீறலும் இல்லை. கன்றுக்குட்டி நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. டொறினுக்குத்தான் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் இளம் சிங்கள டாக்டர் ஒருவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு நர்ஸிடம் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். டொறின் எனக்கு மொழிபெயர்த்தார். "'சின்ன வெடிப்புத்தான். கை போனா என்ன, ரீச்சருக்கு வாய் இருக்கே, அத வெச்சுச் சமாளிக்கட்டும்' எண்டு சொல்றார்." பிறகு டாக்டரிடம் சிங்களத்தில், தான் பாடம் நடத்துவது காது கேளாத பிள்ளைகளுக்கு என்று சொன்னார். டாக்டரின் சிரிப்பு நின்றது. கட்டுப் போடும்போது விரல்கள் முடிந்தவரை வெளியே இருக்கும்படி இரண்டு தடவை பிரித்துக் கட்டினார். ஆனாலும் விரலை அசைத்தால் டொறினின் முகம் சுளித்தது. வாசலில் தவராசா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"நீங்க சைகையில சொல்லுவீங்களா, நாளைக்கு?" என்று அவரிடம் கேட்டேன்.

"எனக்கு வீட்டுச் சைகை மட்டும்தான் சேர். சோறு, தண்ணி, காய்ச்சல். கூட்டத்தில எல்லாம் நான் நிக்க மாட்டன்."

சனிக்கிழமை ஒரு சிறிய மண்டபத்தில் பதினான்கு பேர். மேசன், பேக்கரியில் பாண் போடுகிறவர், வயல் செய்கிறவர், தையல்காரிகள். வனஜாவுக்கு முப்பது வயது இருக்கலாம். கழுத்தில் அளவு நாடாவோடு கடையிலிருந்து நேரே வந்திருந்தார். எனக்கு முறையாகக் கைகூப்பினார். சிரிக்கவில்லை. தவராசா வாசற்கதவோடு ஒட்டி நின்றார்.

நான் பேச ஆரம்பித்தேன். டொறின் இடது கையால் சைகை செய்தார். இரண்டாவது வாக்கியத்திலேயே கூட்டம் குலுங்கிச் சிரித்தது. "என்ட இடது கை மழலை பேசுதாம் சேர்" என்றார். ஐந்து நிமிடம் முயன்று விட்டுவிட்டோம். அவர்கள் சைகையில் சொல்வதை டொறினால் எனக்கு வாயால் சொல்ல முடியும். நான் சொல்வதை அவர்களிடம் சேர்க்கத்தான் கை இல்லை. முப்பது வருடமாகப் பேசியே பிழைத்தவனுக்கு இது புதிய நிலைமை.

கரும்பலகையில் மூன்று படம் வரைந்தேன். பெரிய நட்சத்திரம், சிறிய நட்சத்திரம், மறுபடி பெரிய நட்சத்திரம். கீழே ஒரு கேள்விக்குறி. வரைந்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். மண்டபம் முழுக்கக் கைகள் எழுந்தன.

முதலில் மேசன். டொறின் குரல் கொடுத்தார். "மேல ஒண்டும் நடக்கல்ல. கீழ நம்மட காத்தில பனி, புகை. அதுதான் மறைக்குது."

பலகையில் எழுதினேன். படித்தவர்கள் எல்லாரும் இரண்டாயிரம் ஆண்டுகள் நம்பியது இதுதான். நிலாவுக்கு மேலே எதுவும் மாறாது, புதிதாக ஏதாவது தெரிந்தால் அது காற்றில் எரியும் ஆவி என்று ஒரு கிரேக்க ஞானி சொல்லிவிட்டார். நான் எழுதியதை வனஜா படித்து, திரும்பி நின்று, மற்றவர்களுக்குச் சைகையில் சொன்னார். யாரும் கேட்டுக்கொள்ளாமலே செய்தார். அன்று முழுவதும் அப்படித்தான் நடந்தது.

மேசனை எழுப்பி ஜன்னல் ஜன்னலாக நடந்து பார்க்கும்படி கைகாட்டினேன். பக்கத்தில் இருந்த வேலிக்கம்பம், பின்னால் இருந்த தென்னைகளுக்கு எதிரே இடம் மாறியது. பதினாறாம் நூற்றாண்டில் பட்டப்பகலிலும் தெரியும்படி ஒரு புதிய நட்சத்திரம் எரிந்தபோது டென்மார்க்கில் ஒருவர் இதைத்தான் பார்த்தார். நிலா அருகில் இருப்பதால் நட்சத்திரங்களுக்கு எதிரே இடம் மாறித் தெரியும். புதியது கொஞ்சமும் மாறவில்லை. அப்படியானால் அது நிலாவைவிட வெகு தொலைவில் இருக்கிறது, மேலேயும் மாற்றம் உண்டு. அது எதனால் உண்டானது என்று கேட்டதற்கு அவர், பால்வீதியில் இருந்த பொருள் திரண்டு வந்தது என்றார். அந்த விளக்கம் நிலைக்கவில்லை, அவருடைய அளவீடு நிலைத்தது.

பேக்கரிக்காரர் எழுந்தார். "ஒரு பக்கம் கருகின பணிஸ். அது சுத்துது. கருகின பக்கம் நம்மளப் பாக்கும்போது மங்கும்." பணிஸ் என்றால் எங்கள் ஊர் பன். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சில் ஒருவர் சொன்னது அப்படியே இதுதான். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வந்து போகும் வேறொரு நட்சத்திரத்துக்காகச் சொன்னார். அதைப் பலகையில் எழுதியதும் பேக்கரிக்காரர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

வயல்காரர், அணையப்போகும் அடுப்பில் யாரோ கொள்ளி வைக்கிறார்கள் என்றார். இங்கிலாந்தின் மாபெரும் கணித மேதை ஒருவரும் ஏறக்குறைய இப்படி நினைத்தார், வால்மீன்கள் விழுந்து நட்சத்திரம் மீண்டும் எரிகிறது என்று. வால்மீன் இல்லை. ஆனால் செத்துப்போன ஒரு நட்சத்திரத்தின் மேல் பக்கத்து நட்சத்திரத்தின் வாயு வந்து விழுந்து குப்பென்று எரிவது உண்டு. கொள்ளி இருக்கிறது, வைக்கும் ஆள்தான் வேறு. இன்னொரு தையல்காரி எதுவும் சொல்லாமல் கன்னத்தை ஊதி ஊதிக் காட்டினார், நட்சத்திரம் மூச்சு விடுகிறதாம். வானியலாளர்கள் அந்த முடிவுக்கு வர இருபதாம் நூற்றாண்டு ஆயிற்று. அதுவரை எல்லாவற்றுக்கும் ஒரு துணை நட்சத்திரம் மறைப்பதுதான் காரணம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சில நட்சத்திரங்களுக்குக் கணக்குப் போட்டால் அந்தத் துணை முதல் நட்சத்திரத்தின் வயிற்றுக்குள்ளேயே இருக்க வேண்டியிருந்தது. பிறகுதான் நட்சத்திரமே உப்பிச் சுருங்குகிறது என்று ஒப்புக்கொண்டார்கள்.

நடுவில் பேக்கரிக்காரர் நான் பாடும் மீன் கேட்டேனா என்று விசாரித்தார். நாடித்துடிப்பு மட்டும்தான் கேட்டது என்று பலகையில் உண்மையை எழுதினேன். "எனக்கும் அவ்வளவுதான் கேட்டது" என்றார். கூட்டம் மேசையைத் தட்டிச் சிரித்தது.

கடைசியில் வனஜா. பையிலிருந்து இரண்டு பொத்தான்களை எடுத்தார். ஒன்று பளபளக்கும் வெள்ளை, மற்றது அதைவிடக் கொஞ்சம் பெரிய மங்கலான பழுப்பு. வெள்ளையை உள்ளங்கையில் வைத்து, பழுப்பை அதன் முன்னால் மெதுவாக நகர்த்தினார். முழுதும் மறைக்கவில்லை. ஓரத்தில் வெள்ளை ஒரு பிறை அளவு மிஞ்சியது. "முழுக்க மறைச்சா வெள்ளி காணாமப் போயிரும். அது காணாமப் போறல்ல, மங்குதுதான்" என்று டொறின் வழியாகச் சொன்னார்.

என் கட்டுரையில் பிறை பற்றி இல்லை. அவராகவே கண்டிருக்கிறார்.

அல்கோலை விளக்கிய அந்தக் காது கேளாத ஆங்கில இளைஞர் கதையைப் பலகையில் எழுதினேன். இருபது வயதுகூட ஆகாதவர். பக்கத்து வீட்டு நண்பரோடு ஜன்னலில் நின்று, பெரிய கருவி எதுவும் இல்லாமல், ஒவ்வொரு இரவும் நேரம் குறித்தவர். ஓர் இருண்ட பொருள் குறுக்கே போகிறது, அல்லது நட்சத்திரத்தில் கறை இருக்கிறது என்று அறிஞர்கள் சபைக்கு எழுதினார். பாராட்டினார்கள், பரிசும் கொடுத்தார்கள். ஆனால் குறுக்கே போவது உண்மைதான் என்று உறுதியாக ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அவர் இருபத்தொரு வயதில் இறந்துவிட்டார். வனஜா இதையும் மற்றவர்களுக்குச் சொல்லி முடித்தார்.

பிறகு அவர் என்னைப் பார்த்து விரல்களில் ஏதோ எண்ணினார். டொறின் சொன்னார்: "நாளைக்குப் பின்னேரம் ஏழு நாப்பதுக்கு நல்லா மங்கிக் கிடக்கும்."

அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். ஞாயிறு மாலைக்கு எதுவுமே இல்லை. இல்லை என்று மெதுவாகத் தலையசைத்தேன். வாசலில் இருந்து தவராசா, "சேர் இல்ல எண்டு சொல்றார்தானே. விடு புள்ள" என்றார். வனஜா அவர் உதட்டைப் படித்துவிட்டார். இரண்டு கைகளும் சட்டென்று அசைந்தன. டொறின் சொன்னார்.

"ரெண்டு பேரும் வந்து பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம் நண்டுக் கறி. நண்டு தின்கிறவன் வேறு எதையும் யோசிக்க முடியாது என்பதால் அந்த ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தது. முடிந்ததும் கவலை திரும்பி வந்தது. அவர் சொன்னது பிழையானால் அண்ணன் முன்னால் மறுபடி தலைகுனிவார். சரியானால் நான் குனிய வேண்டும். இரண்டாவதே நடக்கட்டும் என்று விரும்பினேன், ஆனால் அட்டவணை என்னுடையது. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அல்கோலைப் பற்றி அவ்வளவு எழுதிய நான் அது மங்கி நின்றதை ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

எழுவான்கரையில் வீடும் விளக்கும் அதிகம். படுவான்கரையில் அறுவடை முடிந்த வட்டை, இருட்டான வயல்வெளி. இருட்டைத் தேடி, நிமிர்த்திய ஆட்டோவோடு நாங்கள் நால்வரும் கடைசிப் பாதையில் ஏறினோம். ஆறேழு மோட்டார் சைக்கிள்கள், ஒரு குடும்பம், கூடைகளோடு சில பெண்கள். நடு வாவியில், சூரியன் விழுந்த கையோடு இயந்திரம் உறுமி நின்றது. ஆற்றுவாழை சுற்றிவிட்டது. பச்சைக் கம்பளம்போல் மிதந்து வரும் நீர்ச்செடி அது. "பத்து நிமிசம்" என்று சொல்லி பாதைக்காரர் கத்தியோடு தண்ணீரில் இறங்கினார். அரை மணி நேரம் கழித்தும் பத்து நிமிசம் என்றார். கூடைக்காரப் பெண் ஒருவர் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்று எல்லாரையும் திட்ட ஆரம்பித்தார்.

வானம் ஒரு துண்டு மேகமும் இல்லாமல் இருண்டது. வனஜா என் சட்டைக் கையை இழுத்து வடமேற்கே காட்டினார். கார்த்திகைக் கூட்டத்தைப் பிடித்து, அங்கிருந்து மெல்லக் கண்ணை வடக்கே நகர்த்தினேன். அருகே இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள். அவற்றில் ஒன்றுக்குச் சமமாக இருக்க வேண்டிய அல்கோல், பக்கத்துச் சில்லறை நட்சத்திரங்களோடு சேர்ந்து சோர்ந்து நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். மேகம் இல்லை. வேறு நட்சத்திரமும் இல்லை. மணி ஏழு முப்பத்தைந்து.

டொறின் இடது கையால் போன் வெளிச்சத்தைப் பிடித்தார். வனஜா கடையின் அளவுக் கொப்பியைத் திறந்தார். முன்பக்கங்களில் கழுத்து, தோள், இடுப்பு. பின்பக்கத்தில் அல்கோல். ஐந்து மாதத்தில், மாரி மழைக்கு நடுவே, ஆறு முறை பார்த்திருக்கிறார். ஒவ்வொரு வரியிலும் என் அட்டவணைப்படி வந்த நேரம், அவர் பார்த்த நேரம், கடைசியில் வித்தியாசம். ஐந்தரை மணி. ஐந்தரை மணி. ஆறு வரியிலும் அதுவேதான்.

அப்போதுதான் புரிந்தது. எனக்குக் கிடைத்த கணக்கு இங்கிலாந்து நேரத்தில் இருந்தது. நம் இரண்டு நாட்டு நேரத்துக்கும் ஐந்தரை மணி கூட்ட வேண்டும். கூட்டவில்லை. இந்த ஞாயிறு மாலை ஏழு நாற்பது என்னிடம் பிற்பகல் இரண்டு பத்தாக இருந்திருக்கிறது. பகலில் எப்படித் தெரியும் என்று அந்த வரியையே வெட்டிவிட்டிருக்கிறேன்.

"இது எப்ப தெரிஞ்சது அவங்களுக்கு?" என்று டொறினிடம் கேட்டேன். அவர் வனஜாவைக் கேட்டுச் சொன்னார். "மார்கழியில. எந்த நாடு நம்மளவிட அஞ்சரை மணி பின்னுக்கு எண்டு என்னட்டத்தான் வந்து கேட்டவ. ஏன் எண்டு எனக்குச் சொல்லல்ல. மெசேஜில எழுதினா நீங்க மறுபடியும் மேகம் எண்டு சொல்லுவீங்களாம். அதான் உங்களக் கூப்பிடச் சொன்னவ."

தவராசா ஆட்டோவில் சாய்ந்து நின்றார். அவரிடம் போனேன். "உங்க தங்கச்சி சொன்னதுதான் சரி. தப்பு என்னோடது. முதல் நாளிலிருந்தே என்னோடது. நான் பார்க்காமலே எழுதினேன், அவங்க பார்த்துட்டுச் சொன்னாங்க. அந்த மெசேஜை வாசிச்ச மாதிரி இதையும் வீட்டில சொல்லுங்க."

அவர் வெகுநேரம் வானத்தைப் பார்த்தார். "எது சேர்?" என்று கேட்டார். காட்டினேன். "இதுக்கா முற்றத்தில நிண்டவ" என்று மெல்லச் சொல்லிக்கொண்டார்.

அதற்குள் எல்லாருடைய தலையும் அண்ணாந்துவிட்டது. கூடைக்காரப் பெண் தவராசாவுக்குத் தெரிந்தவர். "என்னடா தம்பி, உன்ட தங்கச்சி என்னத்தக் காட்டுறா?"

தவராசா டொறினைப் பார்த்தார். டொறின் போன் வெளிச்சத்தை வனஜாவின் கைகள் மேல் திருப்பினார். "நான் லைட் பிடிக்கிறன். நீங்க சொல்லுங்க."

"மிஸ், எனக்கு வீட்டுச் சைகை மட்டும்தான்."

"அவவும் உங்களுக்கு வீட்டுச் சைகையிலதான் சொல்லுவா."

வனஜா அண்ணனைப் பார்த்தபடி மெதுவாக ஆரம்பித்தார், ஒவ்வொரு அசைவையும் பெரிதாக்கி. தவராசா அதைப் பார்த்துச் சொல்ல முயன்றார். "அவ சொல்றா... அங்க ஒரு வெள்ளி இல்லையாம். ரெண்டாம். ஒண்டு வெளிச்சமானது, மற்றது மங்கல். அவ சொல்றா, ஒண்ட ஒண்டு சுத்துதாம். அவ—"

"அப்பிடியில்ல" என்றார் டொறின். "குரல் குடுக்கிற ஆள் 'அவ' எண்டு சொல்லக் கூடாது. கதைக்கிறது அவதானே. 'நான்' எண்டு சொல்லுங்க."

தவராசா தங்கையின் கைகளைப் பார்த்தார். பிறகு சொன்னார். "நான் அஞ்சு மாசமாப் பாத்தன். மழை நாளிலயும் முகில் விடுமா எண்டு நிண்டு பாத்தன். ஆறு தரம் கண்டன்." வனஜாவின் கைகள் நிற்கவில்லை. "ஒருத்தரும் என்னை நம்பல்ல."

தண்ணீரில் பாதைக்காரர் இன்னும் செடி வெட்டிக்கொண்டிருந்தார்.

"சும்மா பனி மறைக்கும்கா" என்றார் கூடைக்காரப் பெண். வனஜா அவருக்கே பதில் சொன்னார், தவராசா தடுமாறாமல் குரல் கொடுத்தார். "பனியெண்டா பக்கத்தில நிக்கிற வெள்ளியும் மங்க வேணும். அது மங்கல்ல, பாருங்க. ஒன்பதரை வரைக்கும் நில்லுங்க. கூடிக்கிட்டு வரும்."

எட்டே காலுக்கு இயந்திரம் உயிர் பெற்றது, சிறிது நேரத்தில் படுவான்கரை வந்தது. இரண்டு மணி நேரம் பாதைக்காரரைத் திட்டியவர்கள் இறங்கி, மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கரையேறி, போகாமல் நின்றார்கள். யாரும் வண்டியை முடுக்கவில்லை. மிச்சக் கடலைமிட்டாயை எல்லாருக்கும் கொடுத்தேன். ஈரத்தோடு வந்த பாதைக்காரரும் ஒன்றைக் கடித்தபடி, எந்த வெள்ளி, எந்த வெள்ளி என்று கேட்டார்.

ஒன்பது மணிக்கு ஒருவருக்குச் சந்தேகம், மற்றவருக்கு நிச்சயம். ஒன்பதரைக்குச் சந்தேகம் எவருக்கும் இல்லை. வயலுக்கு மேலே தாழ இறங்கியும் அல்கோல் தன் சில்லறைக் கூட்டத்தை விட்டுத் தனியே தெரிந்தது. வனஜா கொப்பியில் நேரம் எழுதிவிட்டு, ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு சைகை செய்தார். அண்ணன்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதைச் சத்தமாகச் சொன்னார்.

"நான் சொன்னன்தானே."